தள்ளுவண்டிக்குப் போன கவிதை நூல்: லண்டன் கிளை நூலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

லண்டனில் ஒரு பொது நூலகத்தின் கிளையில் பல வருடம் வேலை செய்தேன். அங்கே 2022 நவம்பரில் தொடங்கி 2024 வரை நடந்த ஒரு விஷயத்தை, நூலகங்களிலும் பள்ளிகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். கறுப்பின எழுத்தாளர்களை வருடா வருடம் மேளம் கொட்டிக் கொண்டாடிய ஒரு நூலகம், அதே எழுத்தாளர்களின் நூல்களைத் தன் கையாலேயே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வழக்கமான வேலையை வழக்கம்போலச் செய்தோம், அவ்வளவுதான் நடந்தது. அதனால்தான் இதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னணி

எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் ஜமைக்கா, கயானா, கானா, நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்கள், மருத்துவமனைகளில் இரவு வேலை பார்த்த தாதியர், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். குஜராத்திகளும் எங்கள் தமிழ் ஆட்களும் உண்டு. 1948 ஜூன் 22ஆம் தேதி வின்ட்ரஷ் கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து சில நூறு பேர் டில்பரி துறைமுகத்துக்கு வந்து இரண்டு வாரத்தில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அந்த மருத்துவமனைகளைத் தாங்கிப் பிடித்த கைகளில் கரீபியன் பெண்களின் கைகள் எத்தனையோ. அவர்களில் சிலர் எழுதவும் செய்தார்கள்.

எழுதியதை அச்சிடப் பெரிய பதிப்பகங்கள் முன்வராதபோது அவர்களே பதிப்பகம் தொடங்கினார்கள். டிரினிடாடிலிருந்து வந்த ஜான் லா ரோஸ் 1966இல் தொடங்கிய நியூ பீக்கன் புக்ஸ் வடக்கு லண்டனில் புத்தகக் கடையாகவும் பதிப்பகமாகவும் வளர்ந்தது. மார்கரெட் பஸ்பி 1967இல் ஒரு பதிப்பகத்தின் இணை நிறுவனரானபோது, இந்த நாட்டின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர் அவர்தான், வயதோ இருபதுகளில். 1985இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய பீப்பல் ட்ரீ பிரஸ் கரீபியன் எழுத்தை இன்றும் வெளியிடுகிறது. பீப்பல் ட்ரீ என்றால் நம்முடைய அரசமரம்தான்.

எங்கள் கிளையில் ‘கறுப்பின எழுத்து’ என்று பெயர்ப்பலகை போட்ட ஓர் அலமாரி இருந்தது, 80களில் வைத்தது. அது காலப்போக்கில் நகர்ந்து நகர்ந்து நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போயிருந்தது. அக்டோபர் வந்தால் மட்டும் அதிலிருந்து நூல்களை எடுத்து வாசலுக்கு நேரே ஒரு மேசையில் பரப்புவோம்.

அக்டோபர் ஏன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம் பிப்ரவரி. கார்ட்டர் உட்சன் 1926இல் ஒரு வாரமாகத் தொடங்கியது அங்கே பிறகு மாதமானது. பிரிட்டனில் 1987இல் இதைத் தொடங்கியவர் கானாவிலிருந்து வந்து லண்டன் உள்ளாட்சிப் பணியில் இருந்த அக்யாபா அடாய்-செபோ. கூட வேலை செய்த ஒரு பெண்ணின் சின்ன மகன், தான் ஏன் வெள்ளையாக இல்லை என்று அம்மாவிடம் கேட்டதுதான் அவரை உலுக்கியது. பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகள் மனம் புதிதாக இருக்கும் என்றுதான் அக்டோபரைத் தேர்ந்தார். ஒரு பிள்ளையின் கேள்வியில் பிறந்த மாதம் எங்களிடம் ஆறு சுவரொட்டியும் ஒரு மேசையுமாகச் சுருங்கிவிட்டிருந்தது. சுவரொட்டிகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் அமெரிக்கர்கள், எங்கள் தெருவில் நடந்தவர் ஒருவரும் இல்லை.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு எல்லாம் மாறப்போகிறது என்று தோன்றியது. அந்த ஜூனில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியல்களில் கறுப்பின பிரிட்டிஷ் பெண் எழுத்தாளர்கள் முதல் முறையாக உச்சிக்குப் போனார்கள். நாங்களும் அவசரமாகக் காசு ஒதுக்கி நூல் வாங்கினோம். எல்லோரும் கேட்ட நாலைந்து தலைப்புகள், ஒவ்வொன்றிலும் பல படிகள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்ததால் அது சரியாகவே பட்டது.

2022 நவம்பர்: கண்ணில் பட்டது

வருடத்துக்கு ஒரு முறை நூல் கழிப்பு நடக்கும். எங்கள் கிளையில் இரண்டு வருடமாக யாரும் இரவல் எடுக்காத நூல்களின் பட்டியலைக் கணினி தரும். நாங்கள் அந்த நூல்களை எடுத்து முதல் பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று சிவப்பு முத்திரை குத்தி, வாசலில் நிற்கிற தள்ளுவண்டியில் போடுவோம். ஒன்று 50 பென்ஸ். அந்த வருடம் அக்டோபர் மேசையைப் பிரித்த கையோடு இதையும் முடித்துவிடலாம் என்று பொறுப்பாளர் சொன்னதில் எனக்கும் மறுப்பு இல்லை. முத்திரை குத்தியது நான்தான்.

வியாழக்கிழமை காலையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு ஜமைக்கா அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர், முன்னாள் தாதி. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தள்ளுவண்டியைக் கிளறினார். ஓர் ஒல்லிக் கவிதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து, முதல் பக்கத்தைத் திறந்து, அந்தச் சிவப்பு முத்திரையின் மேல் விரலை வைத்தார்.

“இதை ஏன் பிள்ளை எறிந்தீர்கள்?” என்று கேட்டார்.

யாருமே எடுக்கவில்லை ஆன்ட்டி, கணினியில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“நான் ஒவ்வொரு வியாழனும் எடுக்கிறேனே. அந்த ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் இருந்து வாசித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன்.”

வீட்டுக்குக் கொண்டு போனால் பேரப்பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று அவர் இரவல் எடுப்பதே இல்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். இங்கே அருகில் வாழ்ந்த ஒரு கரீபியன் பெண் எழுதியது, 80களில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது, எப்போதோ அச்சில் இல்லாமல் போய்விட்டது. மருத்துவமனை இரவு வேலையைப் பற்றிய ஒரு கவிதைக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்ன டிக். யார் போட்டது என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டு விரல் பட்டு ஓரம் மழுங்கியிருந்தது.

ஆன்ட்டி 50 பென்ஸை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். நான் வாங்கவில்லை. புத்தகத்தை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த நிமிடமே தள்ளுவண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

அந்தப் பின்னேரம் நானும் இன்னொரு சக ஊழியரும் வண்டியில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் கானா வழி வந்தவர், சிறுவர் பகுதியைப் பார்க்கிறவர். ‘கறுப்பின எழுத்து’ அலமாரியில் இருந்தவை வண்டியில் கண்ணுக்குத் தெரிந்தே அதிகமாக இருந்தன. காரணம் தேடத் தேட ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தது. அலமாரி இயந்திரத்துக்குப் பின்னால் இருந்ததால் தெரிந்தவர்கள் மட்டுமே அங்கே போனார்கள். அப்படிப் போன வயதானவர்கள் பலர் அங்கேயே இருந்து வாசித்தார்கள், உள்ளே இருந்து வாசிப்பது எங்கள் கணக்கில் ஏறாது. அக்டோபரில் மேசைக்கு வந்த நூல்களோ சும்மா பார்வைக்கு வைத்தவை, எடுக்கக் கூடாது என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துப் போகலாம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட நாங்கள் அங்கே வைக்கவில்லை. அடுத்தது 2020இல் வாங்கியவை. ஒரே தலைப்பில் பல படிகள், பரபரப்பு அடங்கியதும் அப்படியே நின்றுவிட்டன, அவையும் வண்டியில். படிகளைக் குறைத்தால் நட்டமில்லை, இன்னொன்று எங்கேயும் கிடைக்கும். ஒற்றைப் படியாக இருந்த, அச்சில் இல்லாத நூலையும் கணினி அதே விதியால்தான் அளந்தது.

இதில் எழுத்தாளருடைய காசும் இருக்கிறது. பிரிட்டனில் பொது இரவல் உரிமை என்று 1979இல் வந்த ஒரு சட்டம் உண்டு. நூலகத்திலிருந்து நூல் வெளியே போகும்போது எழுத்தாளருக்குச் சில பென்ஸ் சேரும், மாதிரியாக எடுத்த நூலகங்களின் இரவல் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். சிறு பதிப்பகத்தில் எழுதுகிறவருக்கு அந்தத் தொகை பெரிதில்லை என்றாலும் வருடா வருடம் வருவது. தெரியாத மூலையில் நூலை வைத்தால் அதுவும் போச்சு.

முதல் முடிவும் அதில் செய்த பிழையும்

டிசம்பர் ஊழியர் கூட்டத்தில் விஷயத்தை வைத்தோம். கறுப்பின ஊழியர்கள்தான் இதைப் பேச வேண்டும், உனக்கென்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் சிவானந்தனைப் பற்றிச் சொன்னேன். 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் வந்த தமிழர் அம்பலவாணர் சிவானந்தன். வந்த வருடமே நாட்டிங் ஹில்லில் கரீபியன் மக்கள் மேல் வெள்ளையர் கும்பல்கள் பாய்ந்ததைப் பார்த்தார். பொது நூலகம் ஒன்றில் தேநீர் போடுகிற வேலையில் தொடங்கி நூலகராகப் படித்து, 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகப் பொறுப்பை ஏற்றார். 1972இல் அந்த நிறுவனம் யாருக்காக வேலை செய்ய வேண்டும் என்று உள்ளேயே பெரிய மோதல் வந்தபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர், பிறகு அதன் இயக்குநர். கறுப்பு என்பதைத் தோலின் நிறமாகப் பார்க்காமல் சேர்ந்து போராடுகிறவர்களின் அரசியல் நிறமாகப் பார்த்த தலைமுறை அது. அந்தப் பார்வை எல்லோருக்கும் ஒத்துவராது, கறுப்பின மக்களுக்கே உரிய அனுபவத்தை அது மூடிவிடும் என்கிற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு தமிழ் நூலகர் ஒரு நூலகத்தை எந்தப் பக்கம் திருப்ப முடியும் என்பதற்கு எனக்கு அவரைவிடப் பக்கத்து உதாரணம் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் தடுமாறியது.

அந்தக் கூட்டத்தில் முடிவானது: தனி அலமாரியை எடுத்துவிடுவது, எல்லா நூலையும் பொது வரிசையில் எழுத்தாளர் பெயர்ப்படி கலப்பது. ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும், கதை என்றால் கதை, கவிதை என்றால் கவிதைதானே என்று நானே வாதாடினேன். 2023 ஜனவரியில் இரண்டு நாளில் செய்து முடித்தோம்.

பிழை அதில்தான் இருந்தது. கலந்ததால் புதிய ஆட்கள் எடுத்தார்கள், உண்மை. ஆனால் ஒரு காலையில் ஓய்வு பெற்ற கயானா பேருந்து ஓட்டுநர் ஒருவர் அலமாரி நின்ற இடத்தில், கம்பளத்தில் நிறம் மங்காமல் இருந்த நீள்சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எங்களை எங்கே வைத்தீர்கள்?” என்று கேட்டார். கலந்துவிட்டோம், இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறீர்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் கண் பார்வை குறைவு, அத்தனை வரிசையில் தேட முடியாது. அதைவிட முக்கியமானது அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த அலமாரி நாங்களாகக் கொடுத்தது இல்லையாம். 1981 ஜனவரியில் லண்டன் நியூ கிராஸில் ஒரு வீட்டில் பற்றிய தீயில் 13 கறுப்பின இளம் பிள்ளைகள் இறந்து, மார்ச் 2ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் லண்டன் வழியாக ஊர்வலம் போன காலத்துக்குப் பிறகு, இந்தப் பகுதிப் பெற்றோர் நூலகத்துக்கு வந்து சண்டை போட்டு வாங்கிய அலமாரி. அவரும் அதில் ஒருவர். அதை யாரையும் கேட்காமல் இரண்டு நாளில் கழற்றிப்போட்டிருக்கிறோம்.

இரண்டாவது முடிவு

இந்த முறை முதலில் கேட்டோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தேநீர் வைத்து, வருகிறவர்களைப் பேசவிட்டோம். ஆன்ட்டி வந்தார், பேருந்து ஓட்டுநர் வந்தார், பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைப் பள்ளி நடத்துகிறவர்கள் இருவர் வந்தார்கள். கரீபியன் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகள் மந்தமானவர்கள் என்று ஒதுக்கியதை எதிர்த்து 60, 70களில் வளர்ந்தவை இந்தப் பள்ளிகள். நம் தமிழ்ப் பள்ளிகளும் சனிக்கிழமையில்தான் நடக்கின்றன. அவர்கள் கரும்பலகை தூக்கிய கதையைக் கேட்டபோது என் சிறு வயதுச் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

அலமாரி திரும்பி வரவேண்டும், வாசலில் இருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றார்கள். பொது வரிசையிலும் இருக்கட்டும் என்றார்கள். சரி, முடிந்த நூல்களுக்கு இரண்டு படி, ஒன்று அலமாரியில், ஒன்று வரிசையில். ஒற்றைப் படியாக இருப்பவை அலமாரியிலேயே இருக்கும், பொது வரிசையில் அந்த இடத்தில் ஓர் அட்டை வழி காட்டும்.

இரண்டு படிக்கு நூல் வாங்கப் போனபோதுதான் அடுத்த முட்டுக்கட்டை. எங்கள் நூலகம் ஒப்பந்தம் போட்ட விநியோகஸ்தரிடம்தான் வாங்க வேண்டும், அவருடைய பட்டியலில் சிறு பதிப்பகங்கள் பல இல்லை. பட்டியலில் இல்லாதது எங்களுக்குக் கிடைக்காது, கிடைக்காததை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காததால் பட்டியலில் சேராது. ஒப்பந்தத்துக்கு வெளியே சின்னத் தொகைக்கு நேரடியாக வாங்கலாம் என்று ஒரு விதி இருப்பதைச் சக ஊழியர்தான் தோண்டி எடுத்தார். அந்தத் தொகையில் கறுப்பினத்தவர் நடத்தும் புத்தகக் கடையிலும் சிறு பதிப்பகங்களிடமும் நேரே வாங்கினோம்.

சிறுவர் பகுதியை அவர் தனியாகவே எடுத்துக்கொண்டார். தொடக்கப்பள்ளி எழுத்தறிவு மையம் 2018இல் வெளியிட்ட முதல் கணக்கெடுப்பை அச்செடுத்து எங்கள் அறையில் ஒட்டினார். 2017இல் பிரிட்டனில் வந்த 9,115 சிறுவர் நூல்களில் கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மைப் பாத்திரங்கள் இருந்தவை 391, அதாவது 4 சதவீதம். அவர்களே முதன்மைப் பாத்திரமாக இருந்தவை வெறும் 1 சதவீதம். அந்த எண் பிறகு பல வருடம் ஏறித்தான் வந்தது. அவர் விடவில்லை. அடிமைத்தனமும் துயரமும் மட்டும் சொல்கிற நூல்கள் போதாது, முடி பின்னிக்கொள்கிற, நாயைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற, அண்ணனோடு சண்டை பிடிக்கிற கறுப்பினப் பிள்ளைகள் வேண்டும் என்பதுதான் அவர் ஒரே கட்டளை.

கவிஞரின் கடிதம்

2023 கோடையில் அக்டோபர் நிகழ்ச்சிக்கு ஒரு கறுப்பினக் கவிஞரை அழைத்தோம். சன்மானம் இல்லை, ஆனால் நல்ல கூட்டம் வரும், உங்களுக்கு அறிமுகமாக இருக்கும் என்று எழுதினோம். அவர் மறுத்துப் பதில் போட்டார். மரியாதையான கடிதம்தான். அக்டோபரில் மட்டும் தனக்குப் பல அழைப்புகள் வருவதாகவும், பெரும்பாலும் இலவசமாகவே கேட்பதாகவும், மற்றப் பதினொரு மாதம் தொலைபேசி அடிப்பதே இல்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பொறுப்பாளர் கூட்டத்தில் வாசித்துக்காட்டினார். அவர் முகம் சிவந்திருந்தது. முந்தைய வருடக் கணக்கைப் பார்த்தோம். பதாகைக்கும் பலூனுக்கும் சிற்றுண்டிக்கும் காசு போயிருந்தது, எழுத்தாளருக்கு ஒன்றும் இல்லை. பதாகையையும் பலூனையும் வெட்டி அந்தக் காசைச் சன்மானமாக வைத்து, மன்னிப்புக் கேட்டு, மார்ச் மாதத்தில் ஒரு மாலைக்கு வர முடியுமா என்று திரும்ப எழுதினோம். வந்தார். கறுப்பின வரலாற்று மாதம் என்று எங்கேயும் போடவில்லை, கவிதை மாலை என்று மட்டும் போட்டோம். கேள்வி நேரத்தில் இனவெறியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வரி எங்கே உடைய வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். கவிஞர் அந்த ஒரு கேள்விக்கு நெடுநேரம் பதில் சொன்னார், கையை ஆட்டி ஆட்டி, ஒரே வரியை மூன்று விதமாக உடைத்து வாசித்துக் காட்டி. நான் போய் வந்த நூலக நிகழ்ச்சிகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

பிறகு நடந்தது

2023 அக்டோபரில் பழைய ஆறு சுவரொட்டிகளை ஒட்டவில்லை. பகுதி ஆட்கள் தங்கள் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்தார்கள்: தாதி உடையில் ஆன்ட்டி, சீருடையில் பேருந்து ஓட்டுநர், சனிக்கிழமைப் பள்ளியின் முதல் வகுப்பு, எஃகு மேளம் வாசிக்கிற ஒரு ஸ்டீல்பேண்ட் குழு. படம் கொடுத்தவர்களே கீழே எழுதினார்கள். நவம்பர் 1ஆம் தேதி கழற்றவில்லை, அடுத்த கோடைவரை அப்படியே இருந்தது.

உள்ளே வாசிக்கிற நூல்களைக் கணக்கில் ஏற்ற ஒரு வழி செய்தோம். வாசித்ததை அலமாரியில் வைக்காமல் ஒரு கூடையில் போடச் சொன்னோம், மாலையில் கூடையில் இருப்பதைக் கணினியில் பதிவோம். அடுத்த கழிப்புப் பட்டியலில் அந்த அலமாரியின் நூல்கள் மிகக் குறைவாகவே வந்தன. வந்தவற்றிலும் கடைசிப் படியாக இருப்பதை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நீக்கலாம் என்று விதி வைத்தோம். எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2022க்கு முந்தைய கழிப்புகளில் என்ன போனது என்று பார்க்கப் பழைய பதிவுகளைத் தேடினோம், விவரம் அழிக்கப்பட்டிருந்தது. எத்தனை ஒற்றைப் படிகள் 50 பென்ஸுக்குப் போயினவோ.

அந்த ஒல்லிக் கவிதைப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. சிவப்பு முத்திரையை அழிக்க முடியவில்லை. அதன் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் திரும்பச் சேர்த்த தேதியை எழுதினேன். ஆன்ட்டி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஹீட்டர் பக்கத்து நாற்காலிக்குப் போனார். அப்புறம் ஒரு வியாழன் அவர் கொண்டுவந்த தாளில், அந்தக் கவிதைக்குப் பதில் மாதிரித் தன் முதல் இரவு வேலையைப் பற்றிப் பென்சிலில் எழுதியிருந்தார். ஒரு படி எடுத்து அவர் சம்மதத்தோடு நூலின் பின் அட்டை உறையில் வைத்திருக்கிறோம்.

மறுபடி செய்தால்

அலமாரியைத் தொடுவதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேட்டிருப்பேன். பழைய ஊழியர்கள், பழைய வாசகர்கள், உள்ளூர் ஆவணக் காப்பகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அழைப்புக் கடிதத்தின் முதல் வரியிலேயே சன்மானத் தொகையை எழுதியிருப்பேன். 2020இல் ஒரே தலைப்பில் பல படி வாங்கிய காசில், ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டோ மூன்றோ போதும் என்று நிறுத்தி, மீதியில் வேறு வேறு எழுத்தாளர்களை வாங்கச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

இன்னொன்று, என் மாற்றலுக்குப் பிறகு தெரிந்தது. கடைசிப் படி விதியை ஒரு தாளில் எழுதி ஊழியர் அறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தோம், நூலகத்தின் எழுத்துபூர்வக் கொள்கையில் சேர்க்கவில்லை. நான் வேறு கிளைக்குப் போய்க் கொஞ்ச நாளில், புதிதாக வந்தவர் இது யார் ஒட்டியது, கிழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். சக ஊழியர் அன்றைக்கு வேலையில் இருந்ததால் தாள் தப்பியது. அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்ன மறுநாளே இருவரும் உட்கார்ந்து கொள்கைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினோம். இதை முதல் மாதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.